முதல் ரைஃபிள்: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்?

கேள்வி: என் வயது 36. நண்பர் கூப்பிட்டார் என்று ஒரு நாள் ரேஞ்சுக்குப் போனேன். சுடுவது பிடித்துப்போய்விட்டது. லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். பொழுதுபோக்குக்கும் ஆயிற்று, வெள்ளம், புயல், கலவரம் என்று ஏதாவது வந்தால் வீட்டுக்கு ஒரு துணையும் ஆயிற்று என்று நினைக்கிறேன். ஆனால் ஒன்றுதான் வாங்க முடியும். நண்பர் .308 வாங்கு என்கிறார். இணையத்தில் பலர் 5.56 செமி ஆட்டோமேட்டிக்தான் (சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும் வகை) சரி என்கிறார்கள். ரேஞ்சில் பயிற்சி கொடுப்பவர் மட்டும் .22 போதும் என்கிறார். அது சின்னப் பிள்ளைகள் சுடுவது இல்லையா? வீட்டில் மனைவியும் எட்டு வயது மகனும் இருக்கிறார்கள். (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: பயிற்சியாளர் சொல்வதைக் கேளுங்கள். இந்த எண்கள் தோட்டாவின் வகையைச் சொல்பவை, அவற்றில் ஆற்றல் குறைந்தது .22. அந்த .22 லாங் ரைஃபிள் தோட்டா போடும், ஒவ்வொரு முறையும் போல்ட் என்ற தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடும் போல்ட் ஆக்‌ஷன் ஒன்று வாங்குங்கள். பொழுதுபோக்குக்கு அதைவிடப் பொருத்தமான முதல் ரைஃபிள் கிடையாது. ஆபத்துக்காலத் துணை என்ற இரண்டாவது தேவைக்கு எந்த ரைஃபிளுமே பெரிதாக உதவாது என்பது என் கருத்து. அதைப் பிறகு பேசுகிறேன்.

முதலில் சட்டம். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நாட்டுக்கு நாடு விதி தலைகீழாக மாறும். பிரிட்டனில் 1988 சட்டத்துக்குப் பிறகு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் என்றால் .22 ரிம்ஃபயர் (ஊசி தோட்டாவின் அடி விளிம்பில் அடித்து வெடிக்கும் வகை) மட்டும்தான், மற்றவை தடை. நியூசிலாந்து 2019-இல் பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக்குகளைத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் 1996-க்குப் பிறகு தற்காப்பு என்பதை உரிமம் பெறுவதற்கான காரணமாக ஏற்பதே இல்லை. ஆகவே எதை வாங்குவது என்று யோசிக்கும் முன்பே, உங்கள் நாட்டில் எந்த வகை அனுமதி உண்டு, எந்தக் காரணத்தை ஏற்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள். விண்ணப்பத்தில் உண்மைக் காரணத்தை மட்டும் எழுதுங்கள். பல நாடுகளில் .22 போல்ட் ஆக்‌ஷன்தான் எளிதாக அனுமதி கிடைக்கும் வகை, அது உங்களுக்குச் சாதகம்.

சின்னப் பிள்ளைகள் சுடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைஃபிள் போட்டி இந்தத் தோட்டாவில்தான் நடக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியதும் இதில்தான். அந்த டார்கெட்டில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். ஐம்பது மீட்டர் தள்ளி நின்று, சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத அந்த வட்டத்தில் வரிசையாகப் போடுகிறவர்களைப் பார்த்தால் விளையாட்டுச் சாமான் என்ற எண்ணம் போய்விடும்.

தோட்டா பழையது, 1887-இல் வந்தது. வழக்கமான குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். டார்கெட் ரகமாக இருந்தால் குழலை விட்டு நொடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அதன் ஆற்றல் ஏறக்குறைய 140 ஜூல். உங்கள் நண்பரின் .308 சுமார் 3500 ஜூல், இருபத்தைந்து மடங்கு. அந்த வித்தியாசம் முழுவதும் உங்கள் தோளிலும் காதிலும் தெரியும். வலி இரண்டு நாளில் போய்விடும், பழக்கம்தான் போகாது. வெடிச் சத்தமும் உதையும் வரப்போகிறது என்று உடம்பு தெரிந்துகொண்டால், டிரிகரை இழுக்கும் அந்தக் கணத்திலேயே கண் மூடிக்கொள்ளும், தோள் முன்னால் தள்ளும், குழல் இறங்கிவிடும். சுடுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. உதையில் குழல் எப்படியும் எகிறுவதால் தவறு அதற்குள் மறைந்துவிடும். குண்டு குறிக்குக் கீழே பட்டால் ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, திருகிக்கொண்டிருப்பார்.

.22-இல் உதை இல்லாத குறையாக இருப்பதால் உங்கள் தவறு உங்களுக்கே தெரியும். ஒரு சோதனை சொல்கிறேன், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது செய்து பாருங்கள். மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத டம்மி ஒன்றிரண்டை, எங்கே என்று உங்களுக்குச் சொல்லாமல், அவர் போட்டுக் கொடுக்கட்டும். டம்மி வரும் முறை வெறும் ‘க்ளிக்’ சத்தம்தான் கேட்கும். அப்போது குழல் அசையாமல் இருந்தால் சரி. சடாரென்று இறங்கினால் எங்கே வேலை செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் செலவு. பெரிய தோட்டா ஒன்றின் விலைக்கு .22 பல வாங்கலாம். கைதேர்வது சுட்ட எண்ணிக்கையைப் பொறுத்தது. அலமாரியில் படுத்திருக்கும் .308-ஐவிட வாராவாரம் வெளியே வரும் .22 உங்களை நல்ல சுடுநராக ஆக்கும்.

போல்ட் ஆக்‌ஷனா, செமி ஆட்டோமேட்டிக்கா என்பதில் நல்ல சுடுநர்களே ஒத்துப்போக மாட்டார்கள். 1964-இல் வந்த ருகர் 10/22 போன்ற செமி ஆட்டோமேட்டிக்குகள் அருமையானவை, உதிரிப் பாகங்களும் தாராளமாகக் கிடைக்கும். ஆனாலும் முதல் ரைஃபிளாக அதை நான் சொல்ல மாட்டேன். அதில் ஒரு ரவுண்டு சுட்டதுமே அடுத்தது தானாகக் குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. புதியவர் “சுட்டாச்சு” என்று நினைத்துத் திரும்பும்போது துப்பாக்கி மறுபடி சுடத் தயாராக இருக்கும். போல்ட் ஆக்‌ஷனில் ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அந்த இடைவெளியில் மூச்சும் பிடியும் சரியாகும். போல்ட்டைத் திறந்து வைத்தால் அப்போது சுட முடியாது என்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியும். சி.இசட். 457, டிக்கா டி1எக்ஸ், சாவேஜ் மார்க் 2 மூன்றுமே நல்ல பெயர் உள்ளவை. இவற்றுக்குள் எது என்பதைக் கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள், பெயரை வைத்து அல்ல.

கையில் எடுத்துப் பார்ப்பது என்றால் முக்கியமாக ஸ்டாக்கின், அதாவது தோளில் ஊன்றும் கட்டையின், நீளம். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, ஸ்டாக்கின் அடிப்பகுதியை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரல் இயல்பாக டிரிகரை எட்ட வேண்டும். பெரியவர்களுக்கான ஸ்டாக்குகள் சுமார் 34 சென்டிமீட்டர் நீளத்தில் வரும். உங்கள் மனைவியும் சுடப்போகிறார் என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டாக்குகள் உண்டு. அடுத்து கண். இரண்டு கைகளையும் நீட்டி நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்துப் பொருள் ஒன்றைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடினால் எந்தக் கண்ணுக்குப் பொருள் அப்படியே நிற்கிறதோ அதுதான் மேலோங்கிய கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் மேலோங்கியிருப்பது அபூர்வம் இல்லை. அப்படி இருந்தால் வாங்கும் முன்பே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்கோப் வாங்கினால் ரிம்ஃபயருக்கானது என்று கேட்டு வாங்குங்கள். பெரிய ரைஃபிள்களுக்கான சாதாரண ஸ்கோப்புகள் 100 கஜத்துக்கோ அதற்கு மேலோ அமைக்கப்பட்டிருக்கும், .22-க்கானவை 50 கஜத்துக்கு. தப்பானதைப் பொருத்தினால், தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலே குறுக்குக்கோடு டார்கெட் மேல் நகர்வது போலத் தெரியும். தோட்டாவில் நாலைந்து வகையில் ஒவ்வொரு சின்னப் பெட்டி வாங்கி, 50 மீட்டரில் ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பாருங்கள். .22 குழல்கள் விசித்திரமானவை. ஒரே மாடலில் இரண்டு ரைஃபிள்களுக்கு இரண்டு வேறு தோட்டாக்கள் பிடிக்கும். வேகம் அதிகம் என்று பெட்டியில் போட்டிருப்பதற்கு மயங்க வேண்டாம். ஒலியின் வேகத்துக்கு மேல் கிளம்பும் குண்டு போகிற வழியில் வேகம் குறைந்து அந்த எல்லையைக் கடக்கும்போது தடுமாறக்கூடும். அதனால்தான் போட்டிக்காரர்கள் மெதுவான ரகத்தை எடுக்கிறார்கள்.

சின்னது என்ற நினைப்பில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. கொஞ்சம் மேல்நோக்கிச் சுட்டால் .22 குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் போகும். தண்ணீர்ப் பரப்பிலும் கல்லிலும் பட்டுத் தெறிக்கும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடவே கூடாது. சத்தம் சுமார் 140 டெசிபல், காதைப் பாழாக்க அது போதும், காதுப் பாதுகாப்பு இல்லாமல் ஒரு ரவுண்டுகூட வேண்டாம். ஈயத் துகள் கையிலும் உடையிலும் ஒட்டும். வீட்டுக்கு வந்ததும் கை கழுவி உடை மாற்றிவிட்டு மகனைத் தூக்குங்கள்.

இனி அந்த இரண்டாவது தேவை. வெள்ளமோ புயலோ வந்தால் முதல் மூன்று நாள் எது வேண்டும்? ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் கணக்கில் தண்ணீர், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், டார்ச், பேட்டரி ரேடியோ, ஆவணங்களின் நகல், முதலுதவிப் பெட்டி, அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு ஆள். இவை எதற்குப் பதிலாகவும் ரைஃபிள் வராது. வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தால் அது சுமையாகிவிடும். பொதுவாக நிவாரண முகாம்களில் ஆயுதத்தை உள்ளே விட மாட்டார்கள். கலவரம் என்றால் கதவைப் பூட்டிக்கொள்வதும் சீக்கிரமே இடம் மாறுவதும்தான் குடும்பத்தைக் காக்கும். 5.56-ஓ .308-ஓ மெல்லிய சுவரைத் துளைத்து அடுத்த அறைக்கோ அடுத்த வீட்டுக்கோ போகக்கூடியவை.

இதில் இன்னொரு சிக்கல். அவசரத்துக்கு உடனே கைக்கு வர வேண்டும் என்றால் ரைஃபிள் பூட்டாமல், தோட்டாவோடு இருக்க வேண்டும். எட்டு வயதுப் பையன் இருக்கும் வீட்டில் அதற்கு இடமே இல்லை. பூட்டி வைத்தால் ‘உடனே’ என்பது கிடையாது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும், பூட்டைத் தயங்காமல் எடுங்கள். வரப்போகும் புயலைவிட, என்றோ ஒரு மத்தியானம் திறந்து கிடக்கும் அலமாரி உங்கள் வீட்டுக்குப் பெரிய ஆபத்து. பையன் மட்டும் என்றில்லை. பெரியவர்களில் யாராவது மனம் உடைந்து போயிருக்கும் காலத்தில் ரைஃபிளையோ அதன் போல்ட்டையோ சட்டம் அனுமதிக்கும் விதத்தில் வீட்டுக்கு வெளியே, கிளப்பிலோ உரிமம் உள்ளவரிடமோ கொடுத்து வையுங்கள். இதைச் சங்கடமாக நினைக்காமல் மனைவியோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பூட்டு என்றால் சுவரில் திருகாணி போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி. தோட்டா வேறு பூட்டில், முடிந்தால் ரைஃபிளின் போல்ட் மூன்றாவது இடத்தில். சாவி இருக்கும் இடம் மகனுக்குத் தெரியக் கூடாது. தெரியாது என்று நம்புவதும் கூடாது, பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கே துப்பாக்கியைப் பார்த்தாலும் தொடாமல் நகர்ந்து பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள், பயமுறுத்தாமல். ஸ்பாஞ்ச் வைத்த பையில் ரைஃபிளை மாதக்கணக்கில் வைத்தால் ஈரம் பிடித்துத் துரு ஏறும். பை பயணத்துக்கு மட்டும். இரும்புப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

செலவு வரிசையை இப்படி வைத்துக்கொள்ளலாம்: பயிற்சி வகுப்பு, ரேஞ்ச் உறுப்பினர் கட்டணம், பெட்டி, காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு, அப்புறம்தான் ரைஃபிள். பணம் இடித்தால் ரைஃபிளைப் பழையதாக வாங்கலாம், .22 குழல் லேசில் தேயாது. வாங்கும்போது குழலின் நுனி விளிம்பில் அடிபட்ட தடம் இருக்கிறதா, உள்ளே வெளிச்சம் காட்டினால் துரு தெரிகிறதா, வரிசை எண் ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பார்க்கும் முன் விற்பவரிடம் கேளுங்கள். சில ரிம்ஃபயர் ரைஃபிள்களில் அப்படிச் செய்தால் ஊசி தோட்டா அறையின் விளிம்பில் மோதி அங்கே பள்ளம் விழும். அந்தப் பள்ளம் ஏற்கெனவே இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.