காப்லின் என்று ஒரு படகு இருந்ததா?

வாசகி, செம்பூர், மும்பை: ஃபவுண்டன் நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு பழைய இங்கிலீஷ் நாவலை என் பையன் நாலாவது தடவையாகப் படிக்கிறான். ஆர்தர் ரான்சம் எழுதியது. நாலு பிள்ளைகள் 'காப்லின்' என்ற பாய்மரப் படகில், போக வேண்டும் என்று நினைக்காமலே நடுக்கடலுக்குப் போய்விடுகிறார்கள். அப்படி ஒரு படகு நிஜமாகவே இருந்ததா என்று குடைகிறான். பார்க்க வேண்டுமாம்!

பதில்: இருந்தது, இன்னும் இருக்கிறது. பெயர்தான் வேறு, நான்சி பிளாக்கெட். 1931-ல் இங்கிலாந்தின் லிட்டில்ஹாம்ப்டனில் கட்டிய 28 அடிப் படகு. 1934 கடைசியில் ரான்சம் அதை வாங்கி, தன் கதைகளில் வரும் துடுக்குக்காரப் பெண் நான்சியின் பெயரையே வைத்துவிட்டார். அப்புறம் அதே படகைக் கதைக்குள் கொண்டுவரப் பார்த்தால் அங்கே ஏற்கெனவே ஒரு நான்சி இருக்கிறாளே! அதனால்தான் காப்லின் ஆகியிருக்க வேண்டும், இது என் ஊகம்.

கதையில், மூடுபனியில் கடல் மட்டம் ஏறும்போது நங்கூரம் பிடிவிட்டுப் படகு வெளிக்கடலுக்கு நழுவி, ராத்திரி முழுக்கக் காற்றோடு மல்லுக்கட்டி ஹாலந்தின் ஃப்ளஷிங் துறைமுகம் போய்ச் சேர்கிறார்களே, அங்கே 1936-ல் ரான்சம் இதே படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாவல் 1937-ல் வந்தது. பாயைச் சுருக்கக் கயிற்றோடு போராடும் பக்கங்கள்கூடச் சலிக்காததற்கு அதுதான் காரணம். நம்மவர்கள் சிலர் மெரினா மணலில் உட்கார்ந்தபடியே புயலை எழுதிவிடுகிறார்கள், அதை விடுங்கள்.

சமையல்கட்டு போதவில்லை என்று அவர் மனைவிக்குக் குறை (ஒரு காலத்தில் ரஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கிக்கே செயலாளராக இருந்த அம்மாள், எதிர்த்துப் பேச முடியுமா?), 1938-ல் வேறு பெரிய படகு வந்துவிட்டது, இதை விற்றார். பல கை மாறி, ஸ்கார்பரோ துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடந்ததை 1980-களின் கடைசியில் மீட்டுப் பழுதுபார்த்தார்கள். 1997 முதல் ஒரு அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது, கடலிலும் ஓடுகிறது.

அதைப் பார்க்க இங்கிலாந்து போக வேண்டும். இப்போதைக்கு, மழைக்காலத்தில் கரையேற்றிய படகுகள் மறுபடி இறங்கியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனைக் கேட்வே கூட்டிப் போங்கள். நங்கூரமிட்ட படகுகளைக் காட்டி, தண்ணீர் ஏற ஏறச் சங்கிலியை இன்னும் நீளமாக ஏன் விட வேண்டும் என்று அவனையே கேளுங்கள். நாலு தடவை படித்தவன், சொல்லிவிடுவான்.