வன்னியில் வயல் செய்யும் ஒருவர் தன் முதல் கவிதை நூலை வெளியிடுவது எப்படி?

கிளிநொச்சிப் பக்கம் நெல் விதைப்பவர் என்றும், ஊர் வாழ்க்கையைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிய கவிதைகள் கொப்பிகளில் கிடக்கின்றன என்றும், அவற்றை நூலாக்கி மக்களிடம் கொண்டுசெல்ல எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் இரணைமடுக் குளத்து வாய்க்கால் நீரை நம்பி வயல் செய்பவன். என் முதல் தொகுப்பு 2023 பங்குனியில் வெளிவந்தது. அச்சகத்தையும் வெளியீட்டு விழாவையும் பற்றி யோசிக்குமுன், கவிதைகளை ஊருக்குள் வாசித்துக் காட்டுங்கள் என்பதுதான் நான் உங்களிடம் முதலில் கேட்டுக்கொள்வது.

வரம்பில் நீர் பாய வெட்டிய வாயான வக்கடையை மண்ணால் அடைத்தபின் தண்ணீர் வயலுக்குள் உறங்கிவிட்டது என்று ஒரு கவிதையில் எழுதியிருந்தேன். பக்கத்து வயற்காரரான முதியவர் ஒருவருக்கு அதை வரம்பில் இருந்தபடியே வாசித்துக் காட்டியபோது அவர், "தம்பி, வக்கடையைக் கட்டினாப்போல தண்ணி நிக்காது, வரம்பில எங்க நண்டுப் பொந்து இருக்கோ அதுக்குள்ளால போயிடும்" என்றார். அவர் சொன்னபடியே, விடிகாலையில் காலால் வரம்பைத் தடவித் தடவிப் பொந்து தேடும் மனிதனை அந்தக் கவிதைக்குள் கொண்டுவந்தேன். தொகுப்பில் வாசகர்கள் இன்றும் எடுத்துச் சொல்வது அந்தக் கவிதையைத்தான். நூற்றுக்கு மேல் இருந்த கவிதைகளில் ஐம்பத்திரண்டை மட்டுமே நான் வைத்துக்கொண்டதற்கும் இப்படி வாசித்துக் காட்டியதே காரணம். வயலைத் தூரத்தில் நின்று புகழ்ந்தவை கேட்பவர் முகத்திலேயே தோற்றுப்போயின.

அடுத்தது பிழை திருத்தம். இதில் அவசரப்பட வேண்டாம். நாம் கைபேசியில் ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சுச் செய்து அனுப்புவதை எங்கள் அச்சகங்கள் பலவற்றில் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் அமைக்கிறார்கள். அந்த மாற்றத்தில் கொம்பும் காலும் இடம்மாறுவதும், கிரந்த எழுத்துகள் சிதைவதும், கவிதையின் வரி முறிவுகள் கலைவதும் நடக்கும். ஆகவே திரையில் பார்த்துத் திருப்தியடையாமல், அச்செடுத்த தாளில் வரிவரியாகப் பாருங்கள். எனக்கு நேர்ந்த இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பிழை பார்த்தவர் நல்ல தமிழறிவு உள்ளவர். ஆனாலும் "அருவி வெட்டு" என்று நான் எழுதிய இடமெல்லாம், அது மலையிலிருந்து விழும் அருவியல்லவே என்று எண்ணி, "அறுவடை" என்று திருத்திவிட்டார். பொருள் மாறவில்லை, ஆனால் கதிர் அரிந்த கைகளின் சொல் போய்விட்டது. ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றினேன். சூடு (அரிந்த கதிர்க் குவியல்), பொலி (அடித்தெடுத்த நெற்குவியல்), காவற்கொட்டில் போன்ற சொற்களை விட்டுக்கொடுக்காதீர்கள். தேவையென்றால் நூலின் இறுதியில் ஒரு பக்கத்தில் பொருள் கொடுக்கலாம்.

நூல் பதினாறு பக்கங்கள் கொண்ட படிவங்களாக அச்சாவதால் 80 அல்லது 96 பக்கங்களில் நிறுத்திக்கொள்வது செலவுக்கு நல்லது. நான் 300 பிரதிகள் அடித்தேன். முதல் நூலுக்கு அது போதும். தாளின் விலையை அச்சகத்துடன் பேசி முடித்தவுடன் அதற்குரிய பணத்தையாவது முற்பணமாகக் கட்டிவிடுங்கள். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு அந்த மாரிகாலச் செய்கையான காலபோகத்தில் விளைச்சல் விழுந்ததால் நூலுக்கென்று நான் நினைத்திருந்த பணம் கையில் வரவில்லை. மறுவருடம் பணம் சேர்ந்தபோது நாட்டில் பரீட்சைத்தாள் அச்சிடவே கடதாசி இல்லாத நிலை, நூல் மேலும் தள்ளிப்போனது. சர்வதேச தரப் புத்தக எண்ணை (ISBN) கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் விண்ணப்பித்துப் பெற வேண்டும். அச்சுக்குப் போகுமுன்பே விண்ணப்பியுங்கள்.

வெளியீட்டு விழாவுக்கு நாள் குறிக்கும்போது நாட்காட்டியைவிட வயலைப் பாருங்கள். ஐப்பசி விதைப்பிலும் மார்கழி மழையிலும் ஊர் மண்டபத்துக்கு வராது. தை, மாசியில் அருவி வெட்டும் சூடடிப்பும். நெல் விற்ற காசு கையில் இருக்கும், கோடைச் செய்கையான சிறுபோகத்துக்கு யாருக்கு எவ்வளவு காணி என்று குளத்து நீரைப் பார்த்துத் தீர்மானிக்கும் கூட்டம் முடிந்து உழவு தொடங்கியிராத அந்தச் சில வாரங்களே எங்களுக்கு உகந்தவை. வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை என்ற வழமையான ஒழுங்கு இருக்கட்டும். உரைகளைக் குறைத்து, கவிதைகளை வாசிக்க நேரம் ஒதுக்குங்கள். முதற்பிரதியை நான் நண்டுப் பொந்து சொன்ன அந்த முதியவருக்குக் கொடுத்தேன். அவர் இரு கைகளாலும் வாங்கி, மடியில் வைத்து, விழா முடியும்வரை அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். அன்று மட்டும் 140 பிரதிகள் போயின. பலர் கடித உறையில் நூலின் விலைக்கு மேலாகவே பணம் வைத்திருந்தார்கள்.

அதற்குப் பின்னர்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. விற்றபின் கணக்குத் தருவதாகச் சொன்ன ஒரு கடைக்கு எழுத்தில் எதுவும் வாங்காமல் 40 பிரதிகள் கொடுத்து, நூலும் பணமும் இழந்தேன். நீங்கள் எத்தனை பிரதி, என்ன விலைக்கழிவு என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரைச் சந்தித்து, மாகாணத்தின் பண்பாட்டலுவல்கள் பிரிவு சிறந்த நூல்களுக்கான பரிசுக்கு விண்ணப்பம் கோரும் காலத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அண்டிய பாடசாலைகளுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி இணையத்தில் இட்டுவரும் நூலகம் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினால், கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள் தபாற்செலவின்றி வாசிக்க முடியும். எனக்கு அதிகம் பலன் தந்தது குரற்பதிவு: ஒரு கவிதையை ஒரு நிமிடத்துக்குள், பின்னால் வயற்குருவிகளின் சத்தம் கேட்க, என் குரலிலேயே வாசித்து வாட்ஸப்பில் அனுப்பினேன். கேட்டுவிட்டு அழைத்தவர்களில் பலர் முதலில் கேட்டது நூலைப் பற்றியல்ல, குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைத்தான். பிறகு தங்களுக்கும் ஊரிலுள்ள உறவினருக்குமாக இரண்டு மூன்று பிரதிகள் வாங்கினார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, இன்றைக்கே ஒன்றைச் செய்துவிடுங்கள். 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்த இரவில், நெல் மூட்டைகளைத் தூக்கி வைத்த நான் கொப்பிகளை மறந்துபோனேன். அம்மாவின் உரலைப் பற்றிய நீள்கவிதை இருந்த கொப்பி மையெல்லாம் கரைந்து வெறுந்தாளாகக் கிடைத்தது, அதைத் திரும்ப எழுத இன்னும் என்னால் முடியவில்லை. உங்கள் கொப்பிகளின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.