ஹப் மாட்டியதும் பாட்டு ஏன் அறுகிறது?

கேள்வி: வீட்டு மேசைக் கணினியில் பக்திப் பாடல்கள் பதிவு செய்கிறேன். யூஎஸ்பி போர்ட் பின்பக்கம் நான்கு, முன்பக்கம் இரண்டு. ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), மிடி கீபோர்டு (வாசிப்பதைக் குறிப்புகளாகக் கணினிக்கு அனுப்பும் இசைப் பலகை), மென்பொருளுக்கான டாங்கிள் (உரிமச் சாவி), வெளி ஹார்டு டிஸ்க், தட்டச்சுப் பலகை, மவுஸ் என்று ஆறும் தீர்ந்துவிட்டன. பிரிண்டருக்கு இடமில்லையே என்று மலிவாக நான்கு போர்ட் ஹப் (ஒரு போர்ட்டை நான்காகப் பிரிக்கும் பெட்டி) ஒன்று வாங்கி, இன்டர்ஃபேஸையும் ஹார்டு டிஸ்க்கையும் அதில் மாட்டினேன். இப்போது பதிவின் நடுவே 'டப்' என்று சத்தம் வருகிறது. சில சமயம் இன்டர்ஃபேஸே திரையிலிருந்து மறைந்துவிடுகிறது. பழுது பார்க்க வந்தவர் மதர்போர்டை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டவே வேண்டாம். மதர்போர்டு ஒரு தப்பும் செய்யவில்லை. ஹப்பில் எவற்றை ஜோடி சேர்த்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். உங்களிடம் உள்ளவற்றில் அதிக மின்சாரம் கேட்கிற இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போட்டிருக்கிறீர்கள்.

யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் தரும். தனி அடாப்டர் இல்லாத ஹப்புக்கு மொத்தக் கையிருப்பே அவ்வளவுதான். விதிப்படி அது ஒவ்வொரு சாதனத்துக்கும் 100 மில்லிஆம்பியர் மட்டுமே தரலாம். மலிவு ஹப் இந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. இருப்பதை எல்லோருக்கும் திறந்துவிடும். கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டை உங்கள் இன்டர்ஃபேஸ் இந்த 5 வோல்ட்டிலிருந்துதான் ஏற்றிக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்து ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கினால் மின்னழுத்தம் சரிகிறது, இன்டர்ஃபேஸ் மயங்கி விழுகிறது.

'யூஎஸ்பி வேகம் போதவில்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் இரண்டு சேனல் ஒலிக்கு நொடிக்குச் சுமார் 23 லட்சம் பிட் போதும். யூஎஸ்பி 2.0-வின் வேகம் நொடிக்கு 48 கோடி பிட். மிடி சமாச்சாரமோ இன்னும் சொற்பம்: மூல மிடி வேகம் நொடிக்கு 31,250 பிட்தான். ஆனால் ஒன்று உண்டு. கோப்பை நகலெடுக்கும்போது ஒரு துண்டு கெட்டால் கணினி அதை மறுபடி கேட்டு வாங்கும். ஒலிக்கு அந்தச் சலுகை இல்லை, தவறியது தவறியதுதான். உங்கள் காதில் விழும் 'டப்' அதுவே.

முதலில் காசு செலவில்லாத வேலை. இன்டர்ஃபேஸைப் பின்பக்கப் போர்ட்டில் நேராக மாட்டுங்கள். பின்பக்கப் போர்ட்கள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. முன்பக்கத்துக்குக் கேபினெட்டுக்குள் ஒரு மெல்லிய கேபிள் போகிறது, அதன் தரம் தயாரித்தவரின் மனசாட்சியைப் பொறுத்தது. ஹார்டு டிஸ்க்குக்கு நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட் இருந்தால் நல்லது; அது 900 மில்லிஆம்பியர் வரை தரும். தட்டச்சுப் பலகை, மவுஸ், பிரிண்டர் ஆகியவை ஹப்புக்குப் போகட்டும். பிரிண்டருக்குத் தன் மின்சாரம் உண்டு, மற்ற இரண்டும் சிற்றுண்ணிகள். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை அணைத்துவிடுங்கள். சாதனங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்டர்ஃபேஸை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். வேறு போர்ட்டில் மாட்டினால் சில சாதனங்களை விண்டோஸ் புதிதாக வந்தது என்றே எண்ணிக்கொள்ளும். மென்பொருளில் மறுபடி தேர்வு செய்ய வேண்டிவரும். என் கணினியின் பின்னால் ஒரு போர்ட்டுக்கு மேல் சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்திருக்கிறேன். பேரன் கைபேசி சார்ஜரோடு வந்தாலும் அந்தப் பொட்டுக்குப் பயப்படுவான்.

இன்னும் போர்ட் வேண்டுமென்றால், மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுக் கேபினெட்டைத் திறந்து பாருங்கள். மதர்போர்டின் கீழ் ஓரத்தில் வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசை ஊசிகள், அதில் ஒன்று மட்டும் இல்லாமல், சும்மா நிற்கலாம். அது யூஎஸ்பி 2.0 இணைப்பு. பின்பக்கத் தகட்டோடு வரும் இரட்டைப் போர்ட் கேபிளை அதில் செருகினால் இரண்டு போர்ட் கிடைத்துவிடும். மிடி கீபோர்டுக்கும் டாங்கிளுக்கும் அது தாராளம். பழைய போர்டுகளில் ஃபயர்வயர் என்ற வேறு வகை இணைப்பின் ஊசிகளும் இதே தோற்றத்தில் இருக்கும். அதில் யூஎஸ்பி கேபிளைச் செருகினால், பழுது பார்க்க வந்தவர் சொன்னபடியே மதர்போர்டை மாற்ற வேண்டியதாகிவிடும்! பக்கத்தில் அச்சடித்திருக்கும் பெயரைப் படித்த பிறகே கை வையுங்கள்.

அதுவும் போதாதென்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் யூஎஸ்பி 3.0 கார்டு. மதர்போர்டின் மிகச் சின்ன ஸ்லாட்டிலேயே உட்காரும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கேபினெட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) சாட்டா பவர் கேபிள் மாட்ட வசதி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். கார்டுக்குத் தனிக் கன்ட்ரோலர் (போர்ட்களை இயக்கும் சிப்) இருப்பதால் ஹார்டு டிஸ்க்கை அங்கே தள்ளிவிட்டால் அது இன்டர்ஃபேஸின் வழிக்கு வராது. ஹப்தான் பிடிக்கும் என்றால், தனி அடாப்டரோடு வருவதாக வாங்குங்கள். ஒரு ஹப்பில் இன்னொரு ஹப்பை மாட்டுகிற பழக்கம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: யூஎஸ்பி 3.0 கார்டு போட்ட பிறகு வயர்லெஸ் மவுஸ் திக்கித் திணறுகிறது. கார்டு பழுதா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: பழுதில்லை. யூஎஸ்பி 3.0 இணைப்பு இயங்கும்போது எழும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது. மவுஸ் பேசுவதும் அங்கேதான். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மவுஸின் ரிசீவரை ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி, கார்டிலிருந்து தள்ளி மேசை மேல் வையுங்கள்.

கேள்வி: மடிக்கணினியில் சார்ஜர் மாட்டினால் மட்டும் பதிவில் 'உய்ங்' என்கிறது. எர்த் பின்னை எடுத்துவிட்டால் சரியாகும் என்கிறார்களே?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: சொன்னவர் உங்கள் எதிரியா? எர்த் பின் உயிரைக் காக்க இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். மடிக்கணினி, ஸ்பீக்கர், இன்டர்ஃபேஸ் எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் மாட்டிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் பாடும் நேரத்துக்கு மட்டும் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் பதிவு செய்யுங்கள்.