அம்பில் 500, 700, 1000 என்று போட்டிருக்கிறதே, எண் பெரிதாக இருந்தால் அம்பு கெட்டியானதா? எதை வாங்கலாம்?

நேர்மாறு. எண் ஏற ஏற அம்பு வளையும். 29 இன்ச் தண்டு ஒன்றை 28 இன்ச் இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். அது எவ்வளவு தொய்கிறது என்பதை ஆயிரத்தில் ஒரு பங்கு இன்ச்சில் சொன்னால் அதுதான் அந்த ஸ்பைன் எண். அரை இன்ச் தொய்ந்தால் 500, ஒரு இன்ச் தொய்ந்தால் 1000. இது கார்பன் அம்புக்கு. அலுமினிய அம்பில் 1816 என்று நாலு இலக்கம் இருந்தால் அது வேறு கணக்கு: குறுக்களவு 18/64 இன்ச், குழாய்ச் சுவரின் தடிமன் 16/1000 இன்ச். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எது நல்லது என்ற கேள்விக்கு, உங்கள் வில்லைக் கேட்காமல் பதில் இல்லை. நீங்கள் இப்போதுதான் ரிகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) பழக ஆரம்பித்திருப்பீர்கள், இல்லை பிள்ளையைச் சேர்த்துவிட்டிருப்பீர்கள், கடையில் யாரோ "500 எடுங்க, ஸ்டிஃப்பா நேரா போகும்" என்றிருப்பார். இதே வசனத்தை நானும் கேட்டவன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் மகள் வில்வித்தைக்குப் போகிறாள். வில்லில் 26 பவுண்டு என்று போட்டிருக்கும். ஆனால் அது 28 இன்ச் இழுத்தால் வரும் எடை, அவள் இழுப்பு இருபத்தைந்தரைதான். ஒரு இன்ச் குறைந்தால் சுமார் இரண்டு பவுண்டு போய்விடும், ஆக அவள் கையில் இருப்பது 21 சொச்சம். அந்த வில்லுக்கு 1000-ஐ ஒட்டிய அம்பு வேண்டும். கோச் கொடுத்ததோ பழைய அம்புகள், எழுத்தெல்லாம் தேய்ந்து போனவை. கேட்டதற்கு "700 சார், வளர்ற பொண்ணுதானே, ரெண்டு வருஷம் ஓடும்" என்றார். அம்பு எப்போதும் இடப்பக்கம் போகும். அவர் சைட்டை (வில்லில் குறிபார்க்கும் கருவி) நகர்த்துவார், அப்புறம் "ரிலீஸ் சரியில்ல, விரல்ல பயம் இருக்கு" என்பார். அவள் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று விரலை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அம்புகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே இறகின் ஓரம் மட்டும் மொரமொரவென்று தேய்ந்திருந்தது. விடும்போது "தட்" என்று ஒரு சத்தமும் வரும். அம்பு வில்லில் உரசிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். விரலால் நாணை விடும்போது தண்டு பக்கவாட்டில் நெளிந்து, வில்லின் நடுப்பிடியைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். 1930-களிலேயே கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேக கேமராவில் இதைப் படம் பிடித்துவிட்டார். வில்லின் பலத்துக்கு மேல் விறைப்பான தண்டு நெளியாது, முட்டிக்கொண்டு இடது பக்கம் போகும் (வலது கைக்காரர்களுக்கு, இடது கை என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்).

சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று இரண்டு நாற்காலி போட்டேன். அது ஏற்கெனவே வெட்டிக் குட்டையாக்கிய அம்பு, 28 இன்ச் இடைவெளிக்கு நீளம் பற்றாது. அதனால் 24 இன்ச். தொய்வு நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும் என்பதால் 28 இன்ச்சுக்கான தொய்வைக் கிட்டத்தட்ட 0.63 ஆல் பெருக்கினால் போதும். தண்ணீர் பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்து 880 கிராம் ஆகும்வரை ஊற்றி, நூலில் கட்டி நடுவில் தொங்கவிட்டேன். 700 என்றால் 11 மில்லிமீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். ஸ்கேல் காட்டியது 8. அதாவது 500. பெரியவர்கள் 40 பவுண்டை ஒட்டிய வில்லில் விடுகிற அம்பு!

கூட வரும் ஒரு பையனின் பழைய 1000 அம்புகளை, அவன் அம்மாவிடம் கேட்டு வாங்கினோம். இறகில்லாத ஒன்றையும் இறகுள்ளவற்றையும் 18 மீட்டரில் விட்டுப் பார்த்ததில் எல்லாம் சேர்ந்தே விழுந்தன, அம்பு வில்லுக்குப் பொருந்துகிறது என்று அர்த்தம். சத்தமும் இல்லை. அடுத்த வாரம் கோச் சொன்னது: "பாத்தீங்களா சார், ரிலீஸ் தேறிடுச்சு."

நான் கோச் கிடையாது, சான்றிதழும் கிடையாது. "பட்டன் ஸ்ப்ரிங்கை மாற்றினால் சரியாகியிருக்குமே" என்று ஒருவர் வருவார் (பட்டன் என்பது அம்பு பக்கவாட்டில் சாயும் இடத்தில் இருக்கும் ஸ்ப்ரிங் வைத்த குமிழ்). சின்னப் பிசகுக்கு அது சரி, இரண்டு மடங்கு விறைப்புக்கு எந்த பட்டனும் காப்பாற்றாது. காம்பவுண்ட் (கப்பி வைத்த வில்) காரர்களும் சண்டைக்கு வர வேண்டாம், ரிலீஸ் எய்ட் (நாணை விடுவிக்கும் கைக்கருவி) வைத்து விடும்போது பக்கவாட்டு நெளிவு குறைவு, நான் எழுதுவது விரலால் விடுகிறவர்களுக்கு.

     

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் உங்கள் இழுப்பு நீளத்தை அளந்து, அந்த நீளத்தில் வில் எத்தனை பவுண்டு காட்டுகிறது என்று தொங்கு தராசில் பாருங்கள். அதைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் ஒப்பிடுங்கள். பாரமான முனை போட்டால் அதே அம்பு இன்னும் வளையும். நீளமும் அப்படித்தான், தென்னை ஈர்க்கைப் பாதியாக ஒடித்தால் விறைத்துக்கொள்ளும் இல்லையா, அது மாதிரி. இரண்டு எண்களுக்கு நடுவில் சந்தேகம் வந்தால் வளைகிற பக்கத்தை எடுத்து, முழு நீளத்தில் விட்டுப் பார்த்து, கால் கால் இன்ச்சாக வெட்டச் சொல்லுங்கள். கடையில் வாங்கியவுடனே "வெட்டிக் கொடுத்துடவா?" என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.