டிரம்மர் போன பிறகு பாட்டு இழுப்பது ஏன்?

கேள்வி: சென்னையில் நான்கு பேர் சேர்ந்து ஆறு வருடமாக ஆல்டர்நேட்டிவ் ராக் பேண்ட் நடத்துகிறோம். நான் பேஸ் கிட்டார். எங்கள் டிரம்மர், என் நெருங்கிய நண்பன், வெளிநாட்டு வேலை கிடைத்து பிப்ரவரியில் விலகிவிட்டான். சண்டை எதுவும் இல்லை. புதிதாக வந்த தம்பி நன்றாகத்தான் வாசிக்கிறான். ஆனால் அவன் அடிக்கும்போது பாட்டு இழுப்பது போலவே இருக்கிறது. "பழைய ஆள் இந்த இடத்தில் வேற டிரம் ரோல் போடுவான்" என்று என்னையறியாமல் திரும்பத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் தம்பி எதுவும் பேசாமல் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். ஏழு வாரத்தில் மேடை இருக்கிறது, 12 பாட்டு. ராத்திரியில் பழைய ரெக்கார்டிங்கைக் கேட்டு அழுகிறேன். பேண்டைக் கலைத்துவிடலாமா?

பதில்: கலைப்பதா வேண்டாமா என்ற பேச்சை மேடை முடியும்வரை தள்ளி வையுங்கள்.

உங்கள் நண்பர் உயிரோடு இருக்கிறார், ஃபோன் செய்தால் எடுப்பார், ஆனால் ஜாம் ரூமில் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். சாவுக்காவது சடங்கு உண்டு. இதற்கு எதுவும் இல்லாததால், இறங்க இடமில்லாத துக்கம் தம்பியின் வாசிப்பில் குறையாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. பழைய நால்வரும் ஒரு வீடியோ காலில் உட்கார்ந்து, போனதைப் பற்றி மட்டும் பேசி வழியனுப்புங்கள்.

அடுத்து அந்த இழுவை. ஒரு பாட்டை கிளிக் (சீரான வேகத்தில் தட்டும் மெட்ரோனோம்) வைத்துப் பதிவு செய்து பாருங்கள். வேகம் குறைந்திருக்காது என்றே நினைக்கிறேன். பழைய டிரம்மர் ஸ்னேர் டிரம்மை கிளிக்குக்கு மயிரிழை முன்னால் அடித்திருப்பார், தம்பி மயிரிழை பின்னால் வைக்கிறார். சில மில்லி செகண்ட்தான். ஆறு வருடம் அந்த முன்னடியோடு ஓடிய உங்கள் விரல், இப்போது தம்பியின் அடி விழுவதற்குள் கம்பியைச் சுண்டிவிடுகிறது.

இரண்டு வாரம், வாரம் இருமுறை, நீங்கள் இருவர் மட்டும் 40 நிமிடம் வாசியுங்கள். நிமிடத்துக்கு 132 அடியில் போகும் பாட்டை 110-க்கு இறக்குங்கள்; இடைவெளி பெரிதானால் பிசகு காதில் விழும். கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) விழும் இடத்தில் மட்டும் ஒற்றை நோட்டு. பதிவு செய்யும் ஃபோனை பேஸ் ஆம்ப் பக்கம் வையுங்கள். டிரம்ஸுக்கு அருகில் வைத்தால் சிம்பல் சத்தத்தில் பேஸ் மூழ்கிவிடும். மூன்றாம் வாரம் கிட்டாரும் குரலும் சேரட்டும்.

பழைய ரெக்கார்டிங்கைத் தம்பியிடம் கொடுத்து நகலெடுக்கச் சொல்லாதீர்கள். வெர்ஸ் (சரணம்) எத்தனை பார் (தாளச் சுற்று), எங்கே நிறுத்தம் என்பதை மட்டும் தாளில் எழுதிக் கொடுங்கள். ரோல் அவர் விருப்பம். 12 பாட்டை ஏழாக்குங்கள், அதில் ஒன்று தம்பியோடு சேர்ந்து போட்ட புதுப் பாட்டாக இருக்கட்டும். 1980-ல் பாடகர் இயன் கர்ட்டிஸ் இறந்தபின், ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்து ராக் பேண்டின் மற்ற மூவரும் அவரைப் போலப் பாடும் ஆளைத் தேடவில்லை. கிட்டாரிஸ்ட் பெர்னார்ட் சம்னரே பாடினார், கில்லியன் கில்பர்ட் சேர்ந்தார், நியூ ஆர்டர் என்று பெயரே மாறியது. நீங்கள் பெயரை மாற்ற வேண்டியதில்லை.

பணத்தையும் இப்போதே பேசிவிடுங்கள். நம் நாட்டில் பாட்டின் வரிகளுக்கும் இசைக்கும் உரிமை தனித்தனி. பழைய பாட்டுகளில் நண்பரின் பங்கை எழுதி வையுங்கள். மேடைச் சம்பளத்தில் தம்பிக்கு முதல் நாளிலிருந்தே சம பங்கு கொடுங்கள்.

அழுகையோடு தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். தம்பிக்கு இன்றே பேசுங்கள், மெசேஜ் வேண்டாம். "ஒப்பிட்டது என் தப்பு, வியாழக்கிழமை நாம் ரெண்டு பேர் மட்டும் வாசிக்கலாமா?" என்று கேளுங்கள்.