பல் கம்பியும் பாட்டியின் அச்சமும்

கேள்வி: படிவம் மூன்றில் படிக்கும் என் மகளுக்கு மேல்வரிசைக் கோரைப் பல் தெத்துப் பல்லாக வெளியே நிற்கிறது. இடம் போதாததால் நான்கு பற்களை எடுத்துவிட்டுக் கம்பி போட வேண்டும் என்றும், இரண்டு ஆண்டுகளும் சில ஆயிரம் வெள்ளியும் ஆகும் என்றும் டாக்டர் கூறுகிறார். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று என் மாமியார் தடுக்கிறார். இதற்கிடையே, பல் எடுக்காமலேயே சில நூறு வெள்ளிக்குக் கம்பி ஒட்டித் தருவதாக ஒரு பெண் இணையத்தில் விளம்பரம் செய்கிறார். நான் என்ன செய்வது?
- வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அந்த விளம்பரத்தை நம்பி மகளை அழைத்துச் செல்லாதீர்கள், சகோதரி. இதை மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன். விளம்பரக் கம்பி ஒட்டிக்கொண்டு ஈறு வீங்கி, பல் ஆட்டம் கண்ட நிலையில் வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பல் எலும்பில் ஆணிபோல் அறையப்பட்டதன்று. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு இருக்கிறது. கம்பி இடைவிடாமல் இலேசாக அழுத்தும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைந்து மறுபக்கத்தில் புதிதாக வளர்வதால், பல் சிறிது சிறிதாக நகர்கிறது. இந்த வேகம் உடலின் வேகம் என்பதால்தான் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவசரப்பட்டு அழுத்தத்தைக் கூட்டினால் வேர் கரைந்து குட்டையாகிவிடக்கூடும். அப்படிக் கரைந்த வேர் மீண்டும் வளராது. எக்ஸ்ரே எடுக்காமல், தாடையை அளக்காமல் கம்பி ஒட்டுபவருக்கு இவை எதுவும் கண்ணில் படாது.

மலேசியாவில் பல் சீரமைப்பைப் பதிவுபெற்ற பல் மருத்துவர் மட்டுமே செய்யலாம். மற்றவர் செய்வது 2018ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டப்படி குற்றமாகும். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் உங்கள் மருத்துவரின் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

மாமியாரின் அச்சத்தைப் புறந்தள்ளிவிடாதீர்கள். பேத்தியின் மேல் உள்ள பாசத்தால்தான் அவர் தடுக்கிறார். மேல் பற்களின் உணர்வை மூளைக்குக் கொண்டு செல்வது ஐந்தாவது மண்டை நரம்பு, பார்வையைக் கொண்டு செல்வதோ இரண்டாவது நரம்பு. இரண்டும் வேறு வேறு என்பதை அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த முறை அவரையும் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, எக்ஸ்ரேயை அவர் கண்முன்னே விளக்கும்படி டாக்டரிடம் கேளுங்கள். பல் எடுப்பது எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. ஆகவே, ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்பதும், இன்னொரு நிபுணரிடம் கருத்துப் பெறுவதும் உங்கள் உரிமை.

செலவு கனமாக இருந்தால், அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டி நிபுணர் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்; காத்திருப்பு நீளமாக இருக்கும், கடுமையான குறைகளுக்கே முன்னுரிமை கிடைக்கும். மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் புலத்திலும் விசாரித்துப் பாருங்கள்.

கம்பி போட்டபின் முறுக்கும் கரும்பும் வேண்டாம்; அவை கம்பியைப் பெயர்த்துவிடும். இனிப்பான தே தாரிக்கை அடிக்கடி குடித்துவிட்டுப் பல் துலக்காமல் விட்டால், கம்பியைக் கழற்றும் நாளில் பல்லில் வெள்ளைத் தழும்புகள் தெரியும். கழற்றிய பிறகு, பற்களை நகராமல் பிடித்து வைக்கும் ரிடெய்னர் என்ற கருவியை அணிவதை மகள் விட்டுவிட்டால், பற்கள் மெல்லப் பழைய இடத்துக்கே திரும்பக்கூடும்.

கேள்வி: எனக்கு 38 வயது. இனிக் கம்பி போட முடியுமா?
- வாசகர், ஜார்ஜ் டவுன், பினாங்கு

பதில்: முடியும். ஈறும் எலும்பும் நலமாக இருந்தால் வயது தடையில்லை. ஆனால் ஈறில் இரத்தம் கசிகிறதென்றால் முதலில் அதைக் குணப்படுத்துங்கள், ஐயா. நோயுற்ற எலும்பில் பல்லை நகர்த்தினால் பல்லையே இழக்க நேரிடலாம்.