அந்த எறும்பைப் பற்றி முதலில் பேசுவோம்

கேள்வி: வயது 43. ஆறு வருடமாகத் தினமும் குடிக்கிறேன். காலையில் கொஞ்சம் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கிறது. போன வருடம் நானாகவே நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது; பயந்துபோய் மறுபடி குடித்துவிட்டேன். வருகிற திங்கட்கிழமை அடியோடு விட்டுவிட்டு, அன்றைக்கே குடிநோயாளிகள் கூட்டம் ஏதாவது ஒன்றில் சேர நினைக்கிறேன். பக்கத்தில் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? நடுக்கத்துக்கு உறவினரின் தூக்க மாத்திரை போதுமா? கல்லீரல் கெட்டுப்போனதாக இணையத்தில் போட்டிருக்கும் அறிகுறிகள் எல்லாம் எனக்கு இருக்கின்றன.

பதில்: கூட்டத்துக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் திங்கட்கிழமை வீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டு திடீரென நிறுத்தாதீர்கள். குடிக்கிறவரைப் பார்த்து ஒரு மருத்துவர் இப்படி எழுதுவது விநோதம்தான். எழுத வைத்தது நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த எறும்பு.

மது மூளையைத் தினமும் அமுக்குகிறது. அதை ஈடுகட்ட மூளையும் தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. அமுக்கிய கையைச் சட்டென்று எடுத்தால் அது துள்ளத்தான் செய்யும். கடைசியாகக் குடித்து சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் குழப்பம், காய்ச்சல், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது என்று ஒரு நிலை சிலருக்கு வரலாம். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்போம். வைத்தியம் பார்க்காமல் விட்டால் உயிரே போகலாம். உங்கள் எறும்பு அதன் வாசலில் நின்ற எறும்பு. ஒருமுறை அப்படி வந்தவருக்கு அடுத்தமுறை இன்னும் கடுமையாக வரக்கூடும்.

ஆகவே நாளைக்கே ஒரு மனநல மருத்துவரையோ பொது மருத்துவரையோ பாருங்கள். "காலையில் குடித்தால்தான் கை நிற்கிறது, போனமுறை நிறுத்தியபோது எறும்பு தெரிந்தது" என்று இந்த இரண்டையும் சொல்லுங்கள், மற்றதை அவர் கேட்டுக்கொள்வார். உங்களைப் போன்றவரைப் பெரும்பாலும் சில நாள் மருத்துவமனைப் படுக்கையில் வைத்துத்தான் நிறுத்தச் செய்வோம். மாத்திரையை அளந்து கொடுத்து நாளுக்கு நாள் குறைப்போம். தயமின் என்ற வைட்டமின் பி1-ஐ ஊசியாகப் போடுவோம். அது குறைந்தால் நடை தள்ளாடும், நினைவே கலங்கிப்போகும்.

உறவினரின் மாத்திரையைத் தொடாதீர்கள். நாங்கள் கொடுப்பதும் சில சமயம் அதே வகை மருந்துதான். ஆனால் நாங்கள் பக்கத்தில் நின்று மூச்சைப் பார்த்துக்கொண்டு கொடுக்கிறோம். மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம். கல்லீரலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். அதுவரை அந்த இணையப் பட்டியலை மூடி வையுங்கள். இருக்கிற பயம் போதும்.

இனி கூட்டம். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) தொடங்கிய கதையிலேயே ஒரு நடுங்கும் கை இருக்கிறது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்து ஹோட்டல் ஒன்றில், குடியை விட்டுச் சில மாதமே ஆகியிருந்த பில் வில்சன் மதுக்கூடத்துக்குள் போய்விடுவோமோ என்று தவித்தார். பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தேவாலயங்களுக்குத் தொலைபேசியில் கேட்க ஆரம்பித்தார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். சிகிச்சை செய்யப் போகும் காலையில் அவர் கை நடுக்கத்தை அடக்க பில் ஒரு பீர் கொடுத்தார். டாக்டர் பாப் குடித்த கடைசி மது அதுதான். அதை வைத்தியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்!

நீங்களும் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உங்களைப் பார்க்கும் மருத்துவரை, வார்டில் இருக்கும் நர்ஸை, மது மீட்பு மையத்தின் ஆலோசகரைக் கேளுங்கள். எந்தக் கிழமை எங்கே கூடுகிறார்கள் என்பது அவர்களுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். ஏ.ஏ. அமைப்பின் தொலைபேசியில் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் வரலாம் என்ற திறந்த கூட்டத்துக்கு முதலில் போங்கள், வீட்டாரையும் அழைத்துப் போகலாம். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று தனியாக இருக்கிறது. கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினர் தகுதி. ஏ.ஏ.வில் வரும் கடவுள் பேச்சு ஒத்துவரவில்லை என்றால் ஸ்மார்ட் ரிகவரி போல அது இல்லாத குழுக்களும் உண்டு. முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்று விட்டுவிடாமல் இன்னும் இரண்டு மூன்று இடம் பாருங்கள். மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் எங்கே இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களை உண்மையில் அரிப்பது "தெரிந்தவர் பார்த்துவிட்டால்" என்பதுதான், இல்லையா? பார்க்கிறவர் எதற்காக அங்கே வந்திருப்பார் என்று யோசியுங்கள். காலையிலேயே வாடை அடிக்க வேலைக்குப் போகிறவரை ஊர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. கதவோரக் கடைசி நாற்காலி புதிதாக வருகிறவர்களின் நாற்காலி, யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். பேசச் சொன்னால் "இன்றைக்குக் கேட்க வந்தேன்" என்றால் போதும்.

இதற்கிடையே வலிப்பு வந்தாலோ, பேச்சு குழம்பினாலோ, மறுபடி ஏதாவது ஊர்வது போலத் தெரிந்தாலோ, எந்த நேரமானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகும்படி வீட்டில் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தீர்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.